ரவுட்டரில் போர்ட் திறந்தும் 'மூடியுள்ளது' என்றே வருவது ஏன்?

8080 போர்ட்டை (வெளியிலிருந்து வரும் இணைப்பு கணினியின் நிரலை அடையும் எண்ணிட்ட வாசல்) ரவுட்டரில் திறந்துவிட்டேன், சோதித்தால் மூடியிருப்பதாகவே காட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், அந்த போர்ட்டைப் பயன்படுத்தும் சர்வர் நிரல் கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறதா? ரவுட்டர் வழிவிடும், அவ்வளவுதான். உள்ளே பதில் சொல்ல ஆளில்லை என்றால் எந்தச் சோதனையும் 'மூடியுள்ளது' என்றுதான் சொல்லும். பலரும் மணிக்கணக்கில் தவிப்பது இங்கேதான்.

வீட்டு வைஃபையில் இருந்தபடியே உங்கள் வெளி ஐபியை, அதாவது இணையத்தில் உங்கள் வீட்டு இணைப்புக்கு உள்ள முகவரியை, சோதிக்காதீர்கள். வெளியே போய் அப்படியே திரும்பி வரும் இணைப்பைப் பல ரவுட்டர்கள் கையாளுவதில்லை. மொபைலில் வைஃபையை அணைத்துவிட்டு, டேட்டாவில் பாருங்கள். 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று உடனே வந்தால் பெரும்பாலும் கோரிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது, நிரல்தான் ஓடவில்லை. நெடுநேரம் சுற்றிவிட்டு நின்றுபோனால், வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் (இணைப்புகளை வடிகட்டும் பாதுகாப்புத் தடுப்பு) கோரிக்கையை விழுங்குகிறது என்று சந்தேகப்படலாம். விண்டோஸ் ஃபயர்வாலையும் மறக்காமல் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வரவில்லையா? ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் காட்டும் இணைய ஐபியையும், 'என் ஐபி என்ன' என்று தேடினால் வரும் ஐபியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், அது சிஜிநாட் (CGNAT). அதாவது ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்திருக்கிறார்கள். ரவுட்டரில் என்ன மாற்றினாலும் பயனில்லை. இணைய நிறுவனத்திடம் தனிப் பொது ஐபி கேளுங்கள், அல்லது ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி முறை) கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.