பத்து ஆண்டுகள் ஆள் இல்லாத நாற்காலி

கேள்வி: எத்தனையோ சாதி, மதம், மொழி கொண்ட நம் நாட்டில் எல்லோருக்கும் பொதுவாகச் சட்டம் இருக்கிறது, அதைக் காக்க நீதிமன்றமும் இருக்கிறது. அரசியல்வாதிகள் இடையில் புகுந்து கெடுக்காமல் சட்டத்தை அதன் கடமையைச் செய்யவிட்டால் சமூகம் தானாகவே திருந்திவிடாதா?
— வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: திருந்தாது. சட்டத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு அரசியல் ஒதுங்கி நின்ற ஊர்கள் நம் மாநிலத்திலேயே இருந்தன. அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி ஊராட்சித் தலைவர் பதவிகளை ஒதுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் கட்டளையிட்டது. 1993 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. சட்டத்தின் வாசகத்தில் எந்தக் குழப்பமும் இல்லை; தேர்தல் அறிவிக்கை மீண்டும் மீண்டும் வெளியானது. ஆனாலும் 2006 வரை அந்த நாற்காலியில் ஒருவராலும் நிலைத்து உட்கார முடியவில்லை.

எப்படித் தடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். முதலில், யாரும் வேட்புமனு தாக்கல் செய்யக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் முடிவெடுத்தார்கள். அவர்களுடைய நிலத்தில் கூலி வேலை பார்த்து, அவர்களிடமே அவசரத்துக்குக் கடன் வாங்கிப் பிழைப்பவர் அந்த முடிவை மீறிப் போய் மனுக் கொடுப்பது எளிதா? பிறகு நெருக்கடி கூடியபோது, தாங்களே ஒருவரைத் தேர்ந்தெடுத்து நிறுத்தி, ஜெயிக்க வைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமாக் கடிதமும் எழுதி வாங்கினார்கள். மனுத் தாக்கல், வாக்குப்பதிவு, எண்ணிக்கை, பதவிப் பிரமாணம், ராஜினாமா என்று ஒவ்வொரு படியும் ஏட்டில் சட்டப்படி சரியாகவே நடந்தது. சட்டத்தின் நோக்கம் மட்டும் நிறைவேறவில்லை. ஒருவர் தானாக விலகினாரா, விலக வைக்கப்பட்டாரா என்பதை ராஜினாமாக் கடிதத்தைப் பார்த்து எந்த அதிகாரி கண்டுபிடிப்பார்?

தடையை மீறியவருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு, அதேபோல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட, மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த மேலவளவு சாட்சி. மிரட்டலுக்கு அஞ்சி வேட்பாளர்கள் விலகி, வாக்குச்சாவடி சூறையாடப்பட்டு, கடைசியில் போலீஸ் பாதுகாப்போடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தபோது, அவரும் உடன் வந்தவர்களும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 17 பேருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2009இல் உறுதி செய்தது. கொலை நடந்து 12 ஆண்டுகள் கழித்து இறுதித் தீர்ப்பைத் தந்தபோது நீதிமன்றம் தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால் ஒருவர் தலைவராக உயிரோடு இருப்பதற்கான சூழலை உண்டாக்கித் தருவது நீதிமன்றத்தால் ஆகிற காரியமா?

பாப்பாபட்டி முதலான நான்கு ஊர்களில் 2006 அக்டோபரில் தேர்தல் முறையாக நடந்தது. வென்றவர்கள் பதவியில் நீடித்தார்கள். அந்த ஆண்டில் சட்டம் மாறிவிடவில்லை. இடதுசாரிக் கட்சிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் தலித் அமைப்புகளும் அந்த ஊர்களின் பெயரை ஓயாமல் மேடையேற்றியதால், அது ஆட்சியில் இருப்பவர்களுக்குத் தலைகுனிவாக மாறியது. புதிதாக வந்த அரசு, தேர்தலை நடத்தியே தீர வேண்டும் என்று முடிவெடுத்தது. மதுரை ஆட்சியராக இருந்த உதயசந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடம் பேசினார். பாதுகாப்பும் பேச்சுவார்த்தையும் சேர்ந்தே நடந்தன. இதற்கெல்லாம் அரசியல் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. அதே வேளையில், 2006இல் பாராட்டைப் பெற்ற தி.மு.க.தான் 1996 முதல் 2001 வரையிலும் ஆண்டது என்பதையும், அடுத்த ஐந்து ஆண்டுகள் அ.தி.மு.க. ஆட்சியில் கழிந்தன என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. அந்த வட்டாரத்தில் எந்தச் சாதியின் வாக்கு அதிகம் என்ற கணக்குதான் இரு கட்சிகளையும் அத்தனை காலம் கைகட்டி நிற்க வைத்தது என்பது என் உறுதியான கருத்து.

அரசியல் கெடுக்கிறது என்று நீங்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மேலவளவு வழக்கில் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் மாநில அரசு முன்கூட்டியே விடுதலை செய்ததை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. அதற்காக அரசியலே வேண்டாம் என்று விலகினால், ஊரில் ஏற்கெனவே அதிகாரம் வைத்திருப்பவரின் சொல் மட்டும்தான் எஞ்சும். அரசியல்தான் சட்டத்தையே சரிசெய்த காலமும் உண்டு. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அன்றைய அரசியலமைப்பின் எழுத்துப்படி அது பிழையான தீர்ப்பு என்று சொல்லிவிட முடியாது. பெரியாரும் மற்றவர்களும் தெருவில் இறங்கிப் போராடியிராவிட்டால், அதே ஆண்டு ஜூனில் முதல் திருத்தத்தின் வழியே, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) பிரிவு சேர்ந்திருக்குமா? சட்டத்தை வகுத்த அம்பேத்கரே 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக ஒரு முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்றுதான் எச்சரித்தார்.

அந்த முரண்பாட்டை இன்றும் ஊராட்சி அலுவலகங்களில் நேரில் பார்க்கலாம். கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் கொடியேற்றத் தடுக்கப்பட்டார். செய்தி வெளிவந்த பிறகே ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். கொடியைத் தலைவர்களே ஏற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று 2022இல் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

படத்தில் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். முறைகேட்டைத் தடுக்க வைத்த விதி. நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள்தான் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். பல ஊர்களில் அவர் ஆதிக்கச் சாதிக்காரராக இருப்பார். அவர் கையொப்பம் போடாமல் இழுத்தடித்தால் தெருவிளக்கு எரியாது, குடிநீர் மோட்டார் பழுது பார்க்கப்படாது. கடைசியில் தலைவருக்கு நிர்வாகம் தெரியவில்லை என்ற பேரும் சேரும். இந்த விதியைத் திருத்தும் அதிகாரம் சட்டமன்றத்திடம் இருக்கிறது. நீங்கள் விலகியிருக்கச் சொல்லும் அரசியல்வாதிகள்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்கள் செய்யத் தவறுவதையும் கேட்டாக வேண்டும். ஐந்து ஆண்டுப் பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்று அரசியலமைப்பின் 243இ பிரிவு ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. ஆனால் 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பரில்தான் ஊரகத் தேர்தல் நடந்தது, அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். அதில் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் தேர்தல் இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர்களே பொறுப்பேற்றார்கள். அந்த 27இல் உங்கள் திருச்சி மாவட்டமும் ஒன்று. அரசியலமைப்பு குறித்த காலத்தில் ஏன் தேர்தல் நடத்தவில்லை, இரட்டைக் கையொப்ப விதியை ஏன் இன்னும் திருத்தவில்லை என்ற இரண்டையும் எழுதி உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். அவர் பதில் தந்தால் இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.