வாகனக் கேள்வி–பதில்: சிறிய டர்போ எஞ்சினும் மேட்டுநிலச் சாலையும்

கேள்வி: ஐயா, வணக்கம். என்னுடைய பழைய காரை மாற்ற எண்ணியிருக்கிறேன். அன்றாடம் டர்பனுக்கு வேலைக்குச் சென்று வருவதும், ஆண்டுக்கு நான்கைந்து முறை ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் இருக்கும் மகள் வீட்டிற்குக் குடும்பத்துடன் செல்வதும்தான் அதன் ஓட்டம். ஒரு லிட்டர் டர்போ கார் வாங்கினால் பெரிய எஞ்சினின் வலிமையும் சிறிய எஞ்சினின் சிக்கனமும் ஒன்றாகக் கிடைக்கும் என்று விற்பனையாளர் உறுதி கூறுகிறார். என் மைத்துனரோ டர்போ இல்லாத 1.5 லிட்டர் எஞ்சினையே வாங்கச் சொல்கிறார். யார் சொல்வதை ஏற்பது? (வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: ஐயா, விற்பனையாளர் சொன்னதில் ‘ஒன்றாக’ என்ற ஒரு சொல்லை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை ஏற்றுக்கொள்ளலாம். அந்த எஞ்சினில் வலிமையும் உண்டு, சிக்கனமும் உண்டு. ஆனால் வலிமையைக் கேட்டு வாங்கும் நேரத்தில் அது சிக்கனமாக இருப்பதில்லை. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொண்டால் உங்களுக்கு ஏற்ற காரை நீங்களே முடிவு செய்துவிடலாம்.

பெட்ரோல் எரிந்து வெளிப்படும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சூடான புகையோடு புகைக்குழாய் வழியாக வீணாகப் போகிறது. அந்தப் புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். இன்றைய சிறிய கார்களில் அந்தத் தண்டு நிமிடத்திற்கு 2 லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழல்கிறது. அதிகக் காற்று உள்ளே போனால் அதற்கேற்ற அளவு பெட்ரோலையும் எரிக்கலாம் என்பதால், ஒரு லிட்டர் எஞ்சின் தேவைப்படும்போது ஒன்றரை லிட்டர் எஞ்சினைப் போல இழுக்கிறது.

சிக்கனம் வேறு வழியாக வருகிறது. சமவெளியில் மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் ஒரு சிறிய கார் ஓடுவதற்குச் சுமார் 20 கிலோவாட் போதும். நகருக்குள் அதைவிடவும் குறைவு. பெரிய எஞ்சின் இந்தச் சிறு வேலைக்காகத் தன் காற்று வழியைப் பெரும்பாலும் மூடி வைத்துக்கொண்டு, அந்த இடுக்கின் வழியே மூச்சிழுத்துத் திணறுவதிலேயே ஆற்றலின் ஒரு பகுதியை இழக்கிறது. மூன்று சிலிண்டர் சிறிய எஞ்சினில் காற்று வழி நன்றாகத் திறந்திருக்கும். உராயும் பாகங்களும் குறைவு. ஆகவே மெதுவாக ஓட்டும்போது அது மிச்சம் பிடிக்கிறது.

ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதித்தவுடன் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. அழுத்தப்பட்ட காற்று சூடாக இருப்பதால், தீப்பொறி விழுந்த பின் கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்துப் பிஸ்டனைத் தட்டும் அபாயம் எழுகிறது. இதைத் தவிர்க்கவே டர்போ எஞ்சின்களில் அமுக்க விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை, பொதுவாகக் குறைத்து வைக்கிறார்கள். அதுவும் போதாதபோது கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. இன்னும் அழுத்தினால், டர்போவைச் சூட்டிலிருந்து காக்கக் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கிறது. வழக்கமாக 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்றிருக்கும் கலவை 12க்கு 1 என்றாகும்போது, அதே காற்றுக்கு ஏறத்தாழ 22 விழுக்காடு பெட்ரோல் அதிகமாகச் செலவாகிறது. அப்படித் தெளித்த கூடுதல் பெட்ரோல் காரை இழுக்கப் பயன்படாமல், குளிர்விப்பதற்கே போய்விடுகிறது.

இதுவரை சொன்னது எந்த நாட்டுக்கும் பொருந்தும். நம் தென்னாப்பிரிக்காவில் இதற்கு மேல் ஒன்று உண்டு. உங்கள் முடிவை அதுதான் தீர்மானிக்க வேண்டும் என்று கருதுகிறேன். கடல் மட்டத்தில் இருக்கும் டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் புறப்பட்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் டவுன் ஹில் ஏற்றத்தையும் 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் வான் ரீனன் கணவாயையும் கடந்து, ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் உள்ள ஜோகன்னஸ்பர்க்கை அடையும்போது, காற்று ஏறக்குறைய 17 விழுக்காடு மெலிந்துவிடுகிறது. டர்போ இல்லாத எஞ்சின் கிட்டத்தட்ட அதே அளவு வலிமையை இழக்கிறது. எடுத்துக்காட்டாக, 1.5 லிட்டர் டொயோட்டா ஸ்டார்லெட்டின் 77 கிலோவாட் வலிமை, 138 நியூட்டன் மீட்டர் இழுவிசை என்ற எண்கள் கடலோரத்துக்கு உரியவை; மகள் வீட்டு வாசலில் அவை சுமார் 64, 115 என்றாகிவிடும். நம் நாட்டின் கரீகாவிலேயே உருவாகும் ஃபோக்ஸ்வாகன் போலோவின் ஒரு லிட்டர் டர்போ 70 கிலோவாட், 175 நியூட்டன் மீட்டர் தருகிறது. தாளில் அதன் கிலோவாட் குறைவுதான். ஆனால் காற்று மெலிந்தால் டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று குறையைப் பெருமளவு ஈடுசெய்துகொள்கிறது. அந்த இழுவிசையும் தாழ்ந்த சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. ஐந்து பேரும் பெட்டிகளுமாக வான் ரீனனில் லாரியை முந்த வேண்டிய நேரத்தில் இந்த வேறுபாடு பாதுகாப்புக்கே உரியதாகிறது.

மேட்டுநிலத்தில் டர்போவுக்கும் ஒரு குறை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிக்னலில் நின்று புறப்படும் முதல் ஓரிரு நொடிகளில் டர்போ இன்னும் வேகம் எடுத்திருக்காது. அப்போது உங்களிடம் இருப்பது மெல்லிய காற்றை இழுக்கும் வெறும் ஒரு லிட்டர் எஞ்சின் மட்டுமே. ஜோகன்னஸ்பர்க்கின் நாற்சந்திகளில் குறுக்கே புகுந்து திரும்புகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

உங்கள் மைத்துனரின் கருத்தும் தள்ளத்தக்கதன்று. டர்போ இல்லாத எஞ்சினில் பழுதாகக்கூடிய விலையுயர்ந்த பாகங்கள் குறைவு. மாஸ்டா நிறுவனம் பல ஆண்டுகளாகத் தன் சிறிய கார்களில் டர்போவை நாடாமல், அமுக்க விகிதத்தை உயர்த்தியே சிக்கனம் கண்டிருக்கிறது. டர்பனை விட்டு வெளியே செல்லாதவருக்கு நான் 1.5 லிட்டரையே பரிந்துரைப்பேன். ஆண்டுக்கு நான்கைந்து முறை குடும்பத்தோடு மலையேறுகிற உங்களுக்கு என் பரிந்துரை டர்போதான்.

கேள்வி: புது டர்போ கார் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. நிறுவனத்தின் கையேட்டில் 100 கி.மீ.க்கு 5 லிட்டருக்குச் சற்று மேல் என்று போட்டிருக்கிறது. எனக்கு 7.5 லிட்டருக்குக் கீழே வந்ததே இல்லை. வண்டியில் கோளாறா, ஐயா? (வாசகி, ஃபீனிக்ஸ்)

பதில்: அம்மா, பெரும்பாலும் வண்டியில் கோளாறு இராது. கையேட்டு எண் ஆய்வுக்கூடத்தில் எடுத்தது. நெடுங்காலம் பயன்பாட்டில் இருந்த ஐரோப்பியச் சோதனையின் நகரப் பகுதியில், நின்ற வண்டி 50 கி.மீ. வேகத்தை எட்டுவதற்கு 26 விநாடி எடுத்துக்கொள்கிறது. காலை நேர நெரிசலில் அப்படி ஓட்டினால் பின்னால் வருபவர்கள் பொறுக்கமாட்டார்கள். அவ்வளவு மென்மையான ஓட்டத்தில் டர்போவுக்கு வேலையே இல்லாததால், இத்தகைய எஞ்சின்கள் அந்தச் சோதனையில் மற்றவற்றைவிட அதிகமாக மின்னின. 2017ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவில் அதைவிடக் கடுமையான புதிய சோதனை நடைமுறைக்கு வந்துவிட்டது. உங்கள் கையேட்டில் உள்ள எண் எந்தச் சோதனையில் கிடைத்தது என்பதைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் மாற்றிக்கொள்ளக்கூடியவை இரண்டு. நெடுஞ்சாலையில் 120 கி.மீ. வேகத்தில் காற்றின் தடை, 100 கி.மீ. வேகத்தில் இருப்பதைவிட 44 விழுக்காடு அதிகம். நம் சட்டம் 120ஐ அனுமதிக்கிறது என்பதற்காக அதைத் தொட்டே ஓட வேண்டும் என்பதில்லை; 105இல் ஓட்டிப் பார்த்தால் அடுத்த முறை பெட்ரோல் நிரப்பும்போதே வேறுபாடு தெரியும். இரண்டாவது, முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்ததும் கியரிலேயே விட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்; அந்த நேரத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோலே போவதில்லை.

கேள்வி: இங்கே 93, 95 ஆக்டேன் பெட்ரோல் இரண்டும் கிடைக்கின்றன. மேட்டுநிலத்தில் 93 போதும் என்று என் தந்தையார் காலத்திலிருந்தே சொல்லிக் கேட்டிருக்கிறேன். டர்போ காருக்கும் அது பொருந்துமா? (வாசகர், லெனேசியா)

பதில்: பொருந்தாது, ஐயா. தந்தையார் சொன்னது அவர் ஓட்டிய வண்டிக்கு முற்றிலும் சரியானது. ஆக்டேன் எண் கூடக் கூடப் பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் சிலிண்டருக்குள்ளும் அழுத்தம் குறைகிறது. எனவே கலவை தானாக வெடித்துத் தட்டும் அபாயமும் குறைந்து, 93 போதுமானதாகிறது. உயரத்தால் குறைந்த அந்த அழுத்தத்தை டர்போ மீண்டும் கூட்டி வைத்துவிடுவதால், எஞ்சின் உள்ளுக்குள் கடலோரத்தில் இருப்பதைப் போலவே வேலை செய்கிறது. 95 கேட்கும் டர்போ எஞ்சினுக்கு 93 ஊற்றினால் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்திக் காப்பாற்றும். ஆனால் வலிமையும் குறையும், செலவும் கூடும். பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 95 என்றிருந்தால் எங்கிருந்தாலும் 95தான். நிறைய 93 நிரப்பிக்கொண்டு டர்பனுக்கு இறங்கி வரும் பழக்கத்தையும் டர்போ காரில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: டர்போ எஞ்சினை அணைப்பதற்கு முன் சிறிது நேரம் ஓடவிட வேண்டுமா? (வாசகர், டொங்காட்)

பதில்: அன்றாட நகர ஓட்டத்திற்குப் பின் தேவையில்லை. நீண்ட ஏற்றத்தில் இழுத்து வந்து உடனே பெட்ரோல் நிலையத்தில் நிறுத்துவதானால் மட்டும் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள்.

கேள்வி: 1 லட்சம் கி.மீ. ஓடிய ஒரு லிட்டர் டர்போ காரைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: சர்வீஸ் ஏட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இதை என் சொந்த இழப்பிலிருந்து சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பளபளப்பாக இருந்த ஒரு டர்போ காரை ஏடு தொலைந்துவிட்டது என்ற பேச்சை நம்பி வாங்கினேன். மூன்றாவது மாதத்தில் நீலப் புகை கக்கத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தபோது, டர்போவின் தண்டுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய் கரி படிந்து பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது. டர்போவை மாற்றிய செலவில் நான் மிச்சப்படுத்திய பணம் முழுவதும் போயிற்று.

ஏட்டில் எண்ணெய் மாற்றிய தேதிகளை வரிசையாகப் படியுங்கள். 15,000 கி.மீ.க்கு ஒரு முறை என்று நிறுவனம் சொல்வது நெடுந்தூரம் ஓடும் வண்டிக்குத் தாங்கும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் சென்று வரும் வண்டியில் எஞ்சின் முழுமையாகச் சூடேறாததால், எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்கிறது. அத்தகைய வண்டிக்கு நான் 7,500 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றுகிறேன். எண்ணெயின் தரக் குறியீடும் முக்கியம். சிறிய டர்போ எஞ்சின்களில் தாழ்ந்த சுழற்சியில் தீப்பொறிக்கு முன்பே கலவை வெடித்துப் பிஸ்டனை உடைக்கும் சிக்கலையும் தடுக்கும் வகையில் 2020இல் ஏபிஐ எஸ்பி என்ற எண்ணெய்த் தரம் வந்தது. கையேடு வேறு தரம் கேட்காவிட்டால் அதையே வாங்குங்கள். ஐந்தாம் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிப்பதும் இதே சிக்கலைத் தூண்டும் என்பதால், ஏற்றத்தில் தயங்காமல் ஒரு கியர் இறக்குங்கள்.

இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள். சில சிறிய எஞ்சின்களில் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் எண்ணெயில் நனைந்தபடியே ஓடுகிறது. தவறான எண்ணெயாலோ காலம் கடந்ததாலோ அது உதிரத் தொடங்கினால், துணுக்குகள் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்து எஞ்சினையே அழித்துவிடும். நீங்கள் பார்த்திருக்கும் வண்டி அந்த வகையா என்பதையும், பெல்ட் மாற்றியதற்கு ரசீது உண்டா என்பதையும் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் புது பெல்ட்டுக்கும் கூலிக்கும் ஆகும் தொகையை விலையிலிருந்து கழித்துக்கொண்டு பேசுங்கள். அதற்கு அவர்கள் உடன்படாவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.