வாசகர் கேள்வி - பதில்: ஸ்பீட்வே லீக், ஒரு சீசனின் கணக்கு

போலந்து நாட்டின் ஸ்பீட்வே பைக் பந்தய லீக்கான எக்ஸ்ட்ராலிகா பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில், பலரும் கேட்டிருந்த கேள்விகளைத் தொகுத்து இங்கே விடை தந்திருக்கிறோம்.

கேள்வி: பிரேக்கே இல்லாத பைக்கில் பந்தயம் ஓட்டுவதாக எழுதியிருந்தீர்கள். வளைவில் எப்படித் திரும்புகிறார்கள்? (ஈரோட்டிலிருந்து, பைக் மெக்கானிக்காக இருக்கும் ஒரு வாசகர்)

பதில்: ஸ்பீட்வே பைக்கில் பிரேக் கிடையாது, கியரும் ஒன்றே ஒன்றுதான். 500 சி.சி. ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் மெத்தனாலில் ஓடுகிறது. விதிப்படி பைக்கின் எடை 77 கிலோவுக்குக் குறையக்கூடாது. அந்த அளவை ஒட்டியே எல்லோரும் வைத்திருப்பார்கள். இத்தனை லேசான உடம்பில் ஏறத்தாழ 80 குதிரைத்திறன் இருப்பதால், கிளட்ச்சை விட்ட நொடியில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும்; வீரர் தன் உடலை முன்னால் தள்ளி அதை அழுத்திக்கொண்டே கிளம்ப வேண்டும். கிளட்ச்சுக்கு வேலை அந்தப் புறப்பாட்டில் மட்டும்தான்.

தடம் மண்ணும் கல்தூளும் பரப்பிய நீள்வட்டம். ஒரு சுற்று 260 முதல் 425 மீட்டர் வரை இருக்கலாம். ஓட்டம் எப்போதும் இடப்புறமாகவே சுற்றும். வளைவு நெருங்கும்போது வீரர் பின்சக்கரத்தை வெளிப்பக்கமாகச் சறுக்க விட்டு, ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்பி, இடது காலைத் தரையில் ஊன்றிய வண்ணம் போவார். அந்தக் காலின் பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு கட்டப்பட்டிருக்கும். பைக் குறுக்காகச் சறுக்குவதே வேகத்தைக் குறைக்கிறது, அதுவே திசையையும் திருப்புகிறது. பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மூடினால், சறுக்கிக்கொண்டிருந்த பின்சக்கரம் திடீரென்று மண்ணைக் கவ்விப்பிடித்து, பைக் வீரரை வேலிப்பக்கம் தூக்கியெறிந்துவிடும். ஆகவே வளைவில் பாதுகாப்பாக இருப்பதற்கே கைப்பிடியை முறுக்கி வைத்திருக்க வேண்டியிருக்கிறது. மெக்கானிக்கான தாங்கள் இன்னொன்றையும் கேட்டு மகிழ்வீர்கள்: பின்சக்கரப் பல்சக்கரத்தை மாற்றி விகிதத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில், பைக்குகளைப் பழுதுபார்க்கும் இடமான பிட்டில், சில நிமிடங்களில் முடிகிற வேலை. தடத்தின் ஈரம் குறையக் குறைய இதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

கேள்வி: நான்கு பேர் நான்கு சுற்று ஓடுகிறார்கள், முதலில் வருபவர் வெற்றி. இதில் அணி எங்கே இருக்கிறது? (மதுரை வாசகி)

பதில்: தங்கள் ஐயம்தான் இந்த விளையாட்டின் உயிர்நாடி. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு லீக் ஆட்டத்தில் 15 ஹீட்டுகள், அதாவது தாங்கள் சொன்ன நான்கு சுற்று ஓட்டங்கள், உண்டு. ஒவ்வொரு ஹீட்டிலும் உள்ளூர் அணியிலிருந்து இருவர் சிவப்பு, நீல ஹெல்மெட்டுகளிலும், வந்த அணியிலிருந்து இருவர் வெள்ளை, மஞ்சள் ஹெல்மெட்டுகளிலும் ஓடுவார்கள். முதலிடத்துக்கு 3 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1, கடைசிக்கு எதுவும் இல்லை. ஹீட்டுக்கு 6 புள்ளியாக 15 ஹீட்டுக்கு 90 புள்ளிகள். 46 எடுத்த அணி வென்றது. இந்த எளிய கணக்கிலிருந்துதான் எல்லாத் தந்திரங்களும் பிறக்கின்றன.

14 ஹீட் முடிந்து ஆட்டம் 42-42 என்று நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஹீட்டில் வெள்ளை ஹெல்மெட் முன்னே பறந்துவிட்டார், சிவப்பு இரண்டாவது, நீலம் மூன்றாவது, மஞ்சள் நான்காவது. இப்படியே முடிந்தால் 3-3, ஆட்டம் 45-45 என்று சமன். ஆனால் கடைசி வளைவில் மஞ்சள் உள்பக்கமாக நுழைந்து நீலத்தை முந்திவிட்டால் 4-2, வந்த அணி 46-44 என்று வென்றுவிடும். முன்னால் போகிறவரை யாரும் பார்ப்பதில்லை. மைதானம் முழுக்க எழுந்து நின்று மூன்றாமிடத்துக்கான சண்டையைப் பார்க்கும். வேறெந்த மோட்டார் பந்தயத்திலும் மூன்றாமிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் இந்த மதிப்பு கிடைத்து நான் பார்த்ததில்லை.

அதைவிட அழகானது, ஓர் அணியின் இருவரும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்து 5-1 எடுப்பது. முன்னால் போகிற மூத்த வீரர் நேர்ப்பாதையில் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார். தன் இளைய தோழர் பின்னால் திணறுவது தெரிந்தால், தன் வேகத்தைச் சற்றே விட்டுக்கொடுத்து, எதிரணிக்காரர் எந்தக் கோட்டில் வரப் பார்க்கிறாரோ அந்தக் கோட்டை அடைத்து, தோழருக்கு உள்பக்கத்தைத் திறந்து விடுவார். பிரேக் இல்லாத பைக்கில், பின்னால் மூன்று பேர் மண்ணை வாரியிறைத்துக்கொண்டு வரும்போது, இதைச் செய்வதற்கு எத்தகைய நிதானம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். தன் அணித் தோழருக்குப் பின்னால் அடுத்த இடத்தில், எதிரணியில் ஒருவரையாவது பின்தள்ளி வருகிறவருக்கு, அவரைப் புள்ளிக்காக முந்த முயலாமல் காவல் காத்ததற்கு அடையாளமாக, போனஸ் குறியும் உண்டு. அது அணியின் கணக்கில் சேராது. வீரரின் பெயருக்கு எதிரே ‘11+2’ என்பது போல எழுதப்படும். போலந்து ரசிகர்கள் அச்சிட்ட நிகழ்ச்சிநிரலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஹீட் முடிந்ததும் இதையெல்லாம் பேனாவால் நிரப்புகிறார்கள்.

போலந்து லீக்கில் ஒவ்வோர் அணியிலும் 21 வயதுக்குட்பட்ட உள்நாட்டு இளைஞர்கள் இருந்தாக வேண்டும். இரண்டாவது ஹீட் முழுக்க அவர்களுக்கே உரியது. உலக சாம்பியன் ஓடும் ஹீட்டுக்கும் இந்தப் பையன்களின் ஹீட்டுக்கும் அதே 6 புள்ளிதான். பணம் கொடுத்து நட்சத்திரங்களை வாங்கிச் சேர்த்து, இளைஞர்களை வளர்க்காமல் விட்ட அணி, அந்த ஹீட்டில் 1-5 என்று இழந்த 4 புள்ளி வித்தியாசத்தை ஆட்டம் முழுக்கத் துரத்திக்கொண்டே இருக்க நேரும்.

கேள்வி: ஒரே வீரர் பல நாட்டு அணிகளுக்கு ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். இது எப்படிச் சாத்தியம்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: லீக்குகள் வாரத்தின் நாள்களைப் பங்கிட்டுக்கொண்டிருப்பதால் சாத்தியமாகிறது. இங்கிலாந்தின் பிரீமியர்ஷிப் ஆட்டங்கள் பெரும்பாலும் திங்களும் வியாழனும், சுவீடனில் செவ்வாய், போலந்தில் வெள்ளியும் ஞாயிறும். உலக சாம்பியன்ஷிப்புக்கான கிராண்ட் பிரி சுற்றுகள் சனிக்கிழமைகளில் நடக்கின்றன. வீரர் விமானத்தில் பறப்பார். அவருடைய மெக்கானிக்குகள் பைக்குகளை வேனில் ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு போவார்கள். இந்த மெக்கானிக்குகளின் உழைப்பைப் பற்றி யாரும் போதிய அளவு எழுதுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

இதனால் விசித்திரமான உறவுகள் உண்டாகின்றன. 2025 சீசனில் ஆஸ்திரேலியாவின் பிரேடி கர்ட்ஸும் இங்கிலாந்தின் டேன் பியூலியும் போலந்தில் விரோட்ஸ்வாஃப் அணியிலும் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரின் பெல் வியூ அணியிலும் சேர்ந்தே ஓடினார்கள். கிராண்ட் பிரியிலோ ஒருவருக்கொருவர் எதிரி. அந்த ஆண்டு கர்ட்ஸ் உலகப் பட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் போலந்தின் பார்த்தோஷ் ஸ்மார்ஸ்லிக்கிடம் இழந்தார். ஸ்மார்ஸ்லிக்குக்கு அது ஆறாவது பட்டம். நியூசிலாந்தின் ஐவன் மாகரும் சுவீடனின் டோனி ரிக்கார்ட்சனும் மட்டுமே அதற்கு முன் அந்த எண்ணிக்கையைத் தொட்டிருந்தனர்.

போலந்தில் வீரரின் வருமானம் ஒப்பந்தத் தொகையோடு, எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு என்று அமைகிறது. இன்ஜின், டயர், மெக்கானிக் சம்பளம், வேன், பயணம் எல்லாம் பெரும்பாலும் வீரரின் சொந்தச் செலவு. கீழ்நிலை வீரர் ஒருவர் நான்கு ஹீட் ஓடி ஒரு புள்ளியோடு வீடு திரும்பினால், அன்று அவருக்குக் கைநட்டம்தான்.

கேள்வி: அவ்வளவு பெரிய ஸ்மார்ஸ்லிக் இருக்கும் அணிதானே ஆண்டுதோறும் பட்டம் வெல்லும்? (திருச்சி வாசகர்)

பதில்: வெல்லும் என்றே 2025இல் பலரும் எண்ணினார்கள். அவர் ஓடிய லுப்லின் அணி 2022, 2023, 2024 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சாம்பியன். ஆனால் 2025 இறுதியில் லுப்லினை வீழ்த்திப் பட்டம் வென்றது தோருன். கோப்பர்நிக்கஸ் பிறந்த அந்த ஊர், 2008க்குப் பிறகு 17 ஆண்டுகள் காத்திருந்து பெற்ற பட்டம் அது. ஒருவர் ஒரு ஆட்டத்தில் ஐந்தாறு ஹீட்டுதான் ஓட முடியும். மிஞ்சிப் போனால் அவர் தருவது 15 அல்லது 18 புள்ளி. மற்ற முப்பதை அணி எங்கிருந்தோ சேர்த்தாக வேண்டும். தோருனில் எமில் சைஃபுட்டினோவ், பாட்ரிக் டூடெக், ராபர்ட் லாம்பர்ட், மிக்கெல் மிக்கெல்சன் என்று எந்த ஹீட்டிலும் நிற்கக்கூடிய நால்வர் இருந்தார்கள்.

எட்டு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஏழோடு சொந்த ஊரில் ஒன்றும் வெளியூரில் ஒன்றுமாக 14 ஆட்டங்கள், அதன்பின் பட்டத்தை முடிவுசெய்யும் பிளே-ஆஃப் சுற்று என்பதே சீசனின் அமைப்பு. லீக் பட்டியலில் வெற்றிக்கு 2 புள்ளி. இரண்டு ஆட்டங்களையும் கூட்டிப் பார்த்து முன்னிற்கும் அணிக்கு மேலும் 1 புள்ளி. வெளியூரில் தோற்பது உறுதியான பிறகும் அணிகள் ஒவ்வொரு மூன்றாமிடத்துக்கும் போராடுவது இதனால்தான். கடைசி அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். நாட்டிலேயே அதிகப் பட்டங்கள் வென்ற, 2017 முதல் 2020 வரை தொடர்ந்து நான்கு முறை வாகை சூடிய லெஷ்னோ அணிக்கே 2024இல் அந்த நிலை வந்து, அடுத்த ஆண்டே மீண்டு மேலேறியது.

கேள்வி: சொந்த ஊர்த் தடம் என்பது அவ்வளவு சாதகமா? (சேலம் வாசகர்)

பதில்: ஆம். எவ்வளவு தண்ணீர் தெளிப்பது, மண்ணை எவ்வளவு ஆழம் கிளறி விடுவது என்பதெல்லாம் உள்ளூர்க்காரர் கையில். தடம் இறுகிக் கிடந்தால் புறப்பாட்டில் முந்துகிறவரே வெல்வார். மண் தளர்ந்திருந்தால் வெளிப்பக்கத்தில் பிடிப்புக் கிடைத்து முந்திச் செல்ல வழி பிறக்கும். இந்த உரிமை துஷ்பிரயோகம் ஆகாதிருக்க, லீக் சார்பில் தடக் கண்காணிப்பாளர் இருக்கிறார். மழை வரும் என்றால் தடம் முழுவதையும் தார்ப்பாயால் மூடுகிறார்கள்.

கேள்வி: விபத்துகளைக் காணொளியில் பார்த்தேன். இதை விளையாட்டு என்று சொல்லலாமா? (சென்னை வாசகி)

பதில்: தங்கள் கேள்வியின் கனத்தை உணர்கிறேன். 2015 ஆகஸ்டில் போலந்தின் ஷெலோனா கூராவில் நடந்த லீக் ஆட்டத்தில் விழுந்த ஆஸ்திரேலிய வீரர் டார்சி வார்டு, 23 வயதில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். உலகப் பட்டம் வெல்லப்போகிறவர் என்று எல்லோரும் நம்பியிருந்த பிள்ளை அவர். வளைவுகளில் காற்றடைத்த மெத்தை வேலி, விழுந்ததும் இன்ஜினை நிறுத்த மணிக்கட்டில் கட்டிய கயிறு எல்லாம் இருக்கின்றன. அவை பல உயிர்களைக் காத்தும் இருக்கின்றன. ஆபத்து அகன்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வேலிகளுக்குச் செலவிடத் தயங்கும் சிறிய மைதானங்களுக்கு உரிமம் தரக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: இந்தப் பந்தயம் இங்கிலாந்தில்தானே வளர்ந்தது? அங்கே இப்போது எப்படி? (லண்டனில் வசிக்கும் யாழ்ப்பாண வாசகர்)

பதில்: ஆஸ்திரேலியாவின் மெய்ட்லாண்ட் நகரில் 1923இல் நடந்த பந்தயத்தைத் தொடக்கமாகச் சொல்வது மரபு. 1928 பிப்ரவரியில், தாங்கள் வசிக்கும் லண்டனுக்கு அருகில் எப்பிங் காட்டிலுள்ள ஹை பீச்சில் நடந்த பந்தயத்திலிருந்து இங்கிலாந்தில் அது பரவியது. மறு ஆண்டே லீக் தொடங்கிவிட்டது. இப்போது நிலைமை கவலை தருகிறது. பெரும்பாலான அணிகளுக்கு மைதானம் சொந்தமில்லை. நிலத்தின் உரிமையாளர் வேறு பயனுக்கு மாற்ற விரும்பினால் அணி வெளியேற வேண்டியதுதான். 2021இல் சாம்பியனான பீட்டர்பரோ, 2023 முடிவில் தன் தடத்தை இழந்தது. அதே ஆண்டு வுல்வர்ஹாம்ப்டனும் இழந்தது. தாங்கள் மான்செஸ்டர் பக்கம் போனால், 2016இல் திறந்த பெல் வியூ அணியின் மைதானத்தில் ஓர் ஆட்டம் பாருங்கள்.

கேள்வி: சீசன் எப்போது முடியும்? பிறகு வீரர்கள் என்ன செய்வார்கள்? (கோவை வாசகர்)

பதில்: ஏப்ரலில் தொடங்கும் லீக் இலையுதிர்காலத் தொடக்கத்தில் முடிந்துவிடும். இன்ஜின்கள், அவற்றைச் செப்பனிட்டுத் தரும் டியூனர்களிடம் போகும். குளிர்காலம் முழுக்க அணி மாறும் பேச்சுதான் ரசிகர்களுக்கு. ஆஸ்திரேலிய வீரர்கள் ஊர் திரும்பினால் அங்கே கோடை. ஜனவரியில் அவர்களுடைய தேசிய சாம்பியன்ஷிப்பில் ஓடிவிட்டு, மார்ச்சில் ஐரோப்பாவுக்கு வந்து பயிற்சி ஆட்டங்களைத் தொடங்கிவிடுவார்கள்.