மான் வேட்டைக்கு முதல் ஆயுதம்: ரைபிளா, சொட்கன்னா, குரொஸ்போவா?

கேள்வி: கனடாவில், கிச்சனர் நகரில் வசிக்கிறேன். என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கு ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம் சோளப் பண்ணை இருக்கிறது. வருகிற பருவத்தில் வெண்வால் மான் வேட்டைக்கு வரச் சொல்கிறார். கடையில் கேட்டால், 'செக்கனுக்கு 400 அடி வேகமுள்ள குரொஸ்போ (விசையை இழுத்து எய்யும் வில்) வாங்குங்கள், 80 மீற்றரில் மானை விழுத்தலாம், சத்தமில்லாத துவக்கு அது' என்கிறார்கள். வன்னியில் இடியன் என்ற நாட்டுத் துவக்கோடு வேட்டைக்குப் போன அப்பா, 'ரைபிளை வாங்கடா' என்கிறார். ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்கலாம்? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இறைச்சி அவர்களுக்கும்தான்.

பதில்: குரொஸ்போவை வாங்குங்கள். ஆனால் கடைக்காரர் சொன்ன காரணத்துக்காக அல்ல. பிறகு கையில் காசு சேர்ந்தால் 20 கேஜ் சொட்கன் ஒன்று (கேஜ் என்பது குழாயின் அளவு, எண் கூடினால் குழாய் சிறியது). ரைபிளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது மோசமான ஆயுதம் இல்லை, உங்கள் நண்பரின் காணியில் மானுக்கு அதைத் தூக்க முடியாது, அவ்வளவுதான்.

ஒன்ராறியோவை வேட்டைக்காகப் பல பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். எந்தப் பிரிவில், எந்த நாட்களில், எந்த ஆயுதத்தோடு போகலாம் என்பதை மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் வேட்டை விதித் தொகுப்பு சொல்லும். ஸ்ட்ராட்ஃபோர்ட்டைச் சுற்றிய தென்மேற்குப் பிரதேசம் தட்டையான விவசாய நிலம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு வீடோ மாட்டுக் கொட்டிலோ றோட்டோ இருக்கும். அதனால் அங்குள்ள பிரிவுகளில் மானுக்குப் பெரும்பாலும் சொட்கன், வாய்வழி மருந்து கெட்டிக்கும் துவக்கு, வில் ஆகிய மூன்றுதான். துவக்குப் பருவம் நவம்பரில் சில நாள், டிசம்பரில் சில நாள் என்று முடிந்துவிடும், அதற்குத் தனி அனுமதியும் எடுக்க வேண்டும். வில் பருவமோ பொதுவாக ஒக்ரோபர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் முடியும்வரை நீளும். ஒன்ராறியோச் சட்டத்தில் குரொஸ்போவும் வில்தான். வாரம் முழுக்க வேலை செய்பவருக்கு இன்னொரு விஷயமும் முக்கியம்: பிரெஞ்சு, மட்டாவா ஆறுகளுக்குத் தெற்கே, ஞாயிற்றுக்கிழமை துவக்கு வேட்டையை நகரசபை அனுமதித்த இடங்களில் மட்டுமே செய்யலாம். வில்லுக்கு அந்தத் தடை இல்லை. முதல் வருடத்தில் உங்களுக்குத் தேவை மானுக்குப் பக்கத்தில் போய் உட்கார நிறைய நாட்கள். அதைக் குரொஸ்போ தருகிறது.

உரிமத்திலும் அது சுலபம். துவக்கு வாங்க மத்திய அரசின் பி.ஏ.எல். உரிமம் வேண்டும்; பயிற்சி, பரீட்சை, பிறகு முதல் தடவை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. குரொஸ்போ வாங்க உரிமம் தேவையில்லை. (ஒற்றைக் கையால் எய்யக்கூடியதும், 500 மி.மீ. நீளத்துக்கு மேற்படாததும் கனடாவில் தடை செய்யப்பட்டவை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று அவற்றைத் தருவித்துவிடாதீர்கள்.) ஆனால் வேட்டையாட வேட்டைக் கல்விப் பரீட்சையில் சித்தியடைந்து அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண அட்டையை எடுத்தே ஆக வேண்டும். துவக்குப் பயிற்சி இல்லாதவர்களுக்கு வில் வேட்டைக்கு மட்டும் செல்லுபடியாகும் வகை ஒன்று உண்டு. அதோடு மான் அனுமதிச் சீட்டும் வேண்டும்.

இனி அந்த 80 மீற்றர் கதை. இலக்குப் பலகையில் 80 மீற்றரில் அடிப்பது உண்மையிலேயே கஷ்டமில்லை, தொலைநோக்கி பூட்டிய நல்ல குரொஸ்போ அதைச் செய்யும். பலகைக்குக் காது இல்லை. மானுக்கு இருக்கிறது.

வில் எதுவானாலும் விடுபடும்போது சத்தம் எழும், குரொஸ்போவின் சத்தம், கப்பி பூட்டிக் கையால் இழுக்கும் கொம்பவுண்ட் வில்லுடையதைவிடப் பெரியது. அந்தச் சத்தம் செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் வேகத்தில் போகிறது. 400 அடி வேகம் என்பது செக்கனுக்கு 122 மீற்றர்தான். அம்பு மானிடம் சேருமுன் சத்தம் சேர்ந்துவிடும். 30 மீற்றரில் நிற்கும் மானுக்கு அந்த இடைவெளி சுமார் 0.16 செக்கன். 50 மீற்றரில் அது 0.28 செக்கனாகிறது. செக்கனுக்கு 285 அடி வேகமுள்ள சாதாரண கொம்பவுண்ட் வில்லைப் பிடித்து 30 மீற்றரில் எய்தால் கிடைக்கும் இடைவெளியும் கிட்டத்தட்ட இதேதான். கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கிய வேகத்தை 50 மீற்றரில் எய்து தொலைத்துவிடுகிறீர்கள். 80 மீற்றருக்கு நானே கணக்குப் போட விரும்பவில்லை.

சத்தம் கேட்ட மான் ஓட எத்தனிக்கும்போது முதலில் கால்களை மடக்கி உடம்பைக் கீழே இறக்கும், பாய்வதற்கு உந்துவிசை அங்கிருந்துதான் வருகிறது. 0.15 செக்கன் நேரம் உடம்பு விழுந்தாலே 11 செ.மீ. இறங்கிவிடும், 0.2 செக்கனென்றால் 20 செ.மீ. மானின் இதயமும் நுரையீரலும் அடங்கும் இடம் ஒரு சின்னச் சோற்றுக் கோப்பையின் வாயளவு, 20 முதல் 25 செ.மீ. குறுக்களவு. நடுவில் குறிவைத்த அம்பு முதுகுப் பக்கம் ஏறிப்போக இது போதும். எல்லா மானும் அப்படிச் செய்வதில்லை. தலையைக் குனிந்து நிதானமாக மேயும் மான் சில நேரம் அசையாமல் நிற்கும். காதை நிமிர்த்தி விறைப்பாக நிற்கும் மானுக்கு எய்யாமல் இருப்பதே நல்லது.

தூரத்தைத் தவறாகக் கணிப்பதும் குரொஸ்போக்காரரை அதேயளவு கெடுக்கும். 40 மீற்றர் என்று நினைத்துக் குறிவைத்த மான் உண்மையில் 50 மீற்றரில் நின்றால், அம்பு ஏறக்குறைய 18 செ.மீ. கீழே போகும். அதாவது நெஞ்சுக்கடியால் வெறுமனே போகலாம், இல்லையென்றால் முன்னங்காலை உடைக்கலாம். ஆகவே கடைக்காரர் இன்னும் 50 அடி வேகம் கூடிய மாதிரியைக் காட்டினால், அந்த வித்தியாசக் காசில் லேசர் தூரமானி ஒன்றை வாங்குங்கள். மரத்தில் கட்டிய பரணில் ஏறியவுடன் சுற்றியுள்ள நாலைந்து மரங்களின் தூரத்தை அளந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடத்துக்கு உங்கள் எல்லை 30 மீற்றர்.

சத்தமில்லாத துவக்கு என்ற பேச்சில் இன்னொரு பிழையும் இருக்கிறது. .308 ரைபிள் ரவையின் ஆற்றல் சுமார் 3,500 ஜூல். குரொஸ்போ அம்புடையது 200 ஜூலுக்குப் பக்கம், முயலுக்குப் பயன்படுத்தும் .22 சின்ன ரவையின் ஆற்றலுக்குச் சமம். .22 ரிம்ஃபயர் ரைபிளால் மானைச் சுடுவது ஒன்ராறியோவில் குற்றம், அதே ஆற்றலுள்ள அம்பால் எய்வது சட்டப்படி சரி. காரணம், அம்பு அடித்து விழுத்துவதில்லை, அறுக்கிறது. அதன் முனையில் குறைந்தது 22 மி.மீ. அகலத்தில், கூரான வெட்டுவிளிம்பு இரண்டாவது இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. இரண்டு நுரையீரலையும் ஊடறுத்துப் போனால் மான் ஐம்பது, நூறு மீற்றர் ஓடிச் சில செக்கன்களில் விழும். ஆனால் தோள் எலும்பில் பட்டால் நின்றுவிடக்கூடும். ரைபிளுக்கு ஓரளவு மன்னிக்கும் குணம் உண்டு, கொஞ்சம் சரிவாக நிற்கும் மானையும் அது விழுத்தும். அம்புக்கு மான் முழுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது உங்களிடமிருந்து விலகிய சாய்வில். முகத்தைப் பார்த்து நிற்கும் மானை விட்டுவிடுங்கள்.

அம்பு பட்ட பிறகுதான் வில் வேட்டையின் பாதி வேலை தொடங்குகிறது. அம்பைத் தேடியெடுத்துப் பாருங்கள். வெளிர்சிவப்பாக, நுரையோடு இரத்தம் இருந்தால் நுரையீரல். அரை மணி நேரம் பொறுத்துப் போனால் பெரும்பாலும் விழுந்து கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம், நாலைந்து மணி நேரம் விடுங்கள். பச்சையாக அழுக்கு ஒட்டி நாறினால் குடலில் பட்டிருக்கிறது. அப்போது எட்டு மணி நேரத்துக்கு மேல் பொறுக்க வேண்டும், உடனே துரத்தினால் கிலோமீற்றர் கணக்கில் போய் எங்கோ புதருக்குள் சாகும். ஒக்ரோபர் தொடக்கத்தில் இரவும் சூடாக இருந்தால் அந்தக் காத்திருப்பில் இறைச்சி கெட்டுப்போகும். அதனால் சூடான நாட்களில் சந்தேகமான அம்பை விடவே கூடாது. அடிபட்ட மான் பக்கத்துக் காணிக்குள் போனால் அந்த உரிமையாளரின் அனுமதியின்றிக் கால் வைக்க முடியாது. பருவம் தொடங்குமுன்பே நண்பரைக் கொண்டு அக்கம்பக்கத்தில் பேசிவைக்கச் சொல்லுங்கள்.

சொட்கனுக்கு வருவோம். மானுக்கு அதில் போடுவது ஒற்றைக் குண்டு, ஸ்லக் என்பார்கள். எல்லாரும் 12 கேஜ் என்பார்கள், நான் 20 கேஜ் என்பேன். 12 கேஜ் ஸ்லக்கின் உதை .308 ரைபிளைவிட மோசம், இரண்டு தடவை தோளில் வாங்கியவர் மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டுதான் விசையை இழுப்பார். மானுக்கு 20 கேஜ் தாராளமாகப் போதும். உட்புறம் வழுவழுப்பான குழாயென்றால் ரைபிள்ட் ஸ்லக் (குண்டிலேயே வரி வெட்டியது) போட்டு 70 மீற்றர் வரை நம்பலாம். உள்ளே முறுக்குவரி வெட்டிய குழாய் வாங்கினால் சபோ ஸ்லக் (உறைக்குள் வைத்த குண்டு) போட்டு நூறைத் தாண்டலாம். இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள்: சபோ, வழுவழுப்பான குழாயில் தறிகெட்டுப் போகும். ஒரு பம்ப் சொட்கனுக்கு இரண்டு குழாய் வைத்துக்கொண்டால் வாத்து, வான்கோழி எல்லாவற்றுக்கும் அதுவே உதவும்.

சொட்கன் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையை மட்டும் முழுசாக நம்ப வேண்டாம். பென்சில்வேனியாவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வு, கிடையாகச் சுடும்போது ஸ்லக் நிலத்தில் பட்டுத் தெறித்து, உடைந்து சிதறும் ரைபிள் ரவையைவிட அதிக தூரம் போகலாம் என்று காட்டியது. சோளம் அறுத்த வெளியில், உறைந்த மண்ணில் இது விளையாட்டில்லை. மானுக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும், இல்லையென்றால் பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுட வேண்டும்.

அப்பாவுக்குப் பிடிக்கக்கூடியது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துவக்கு. இன்றைய .50 அளவுத் துவக்குகள் இடியனின் தூரத்துச் சொந்தங்கள்தான், ஆனால் நூறு மீற்றரில் ஒழுங்காக அடிக்கும். ஒரு வெடிதான், ஈரம் அதற்கு ஆகாது, வெடித்த அன்றே குழாயைக் கழுவாவிட்டால் துருப்பிடிக்கும். ஆசைக்கு நல்லது, முதல் ஆயுதத்துக்கு வேண்டாம். கொம்பவுண்ட் வில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் மான் முன்னால் வந்து நிற்கும்போது அசைந்து இழுக்க வேண்டும், பல மாதம் விடாமல் பழக வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த நேரம் எங்கே கிடைக்கும்?

ரைபிள் எப்போது? வடக்கே பரி சவுண்ட் பக்கம் யாராவது வேட்டை முகாமுக்குக் கூப்பிடும்போது. அன்றைக்கு, வெடிக்கு வெடி கையால் தாழ் இழுக்கும் போல்ட் அக்‌ஷன் .308 அல்லது 6.5 கிரீட்மோர் வாங்குங்கள். அரைத்தானியங்கி வேண்டாம். 2020 மே மாதத்திலிருந்து மத்திய அரசு அலையலையாகப் பல மாதிரிகளைத் தடை செய்து வருகிறது, காசைப் போட்டுவிட்டு முழிக்க வேண்டிவரும்.

பிள்ளைகளின் சாப்பாடு பற்றி எழுதியிருந்தீர்கள், அதை நல்ல கேள்வி என்றுதான் சொல்வேன். ஈய ரவை வேகமாக எலும்பில் படும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறி, காயத்திலிருந்து தள்ளியிருக்கும் இறைச்சியிலும் கலக்கிறது. வட டகோட்டாவில் 2008இல் 736 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, வேட்டை இறைச்சி சாப்பிட்டவர்களிடம் ஈயம் சற்றுக் கூடுதலாக இருந்தது. வித்தியாசம் சிறியதுதான், ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அம்பில் இந்தப் பிரச்சினை அறவே இல்லை. துவக்கு வாங்கினால் செப்பு ரவை, செப்பு ஸ்லக் போடுங்கள்.

வாங்கியபின் சில விஷயங்கள். குரொஸ்போவில் கையை எப்போதும் அம்பு வழுக்கிப் போகும் தண்டவாளத்துக்குக் கீழே வையுங்கள், நாண் விரலைத் துண்டாக்கும். அம்பில்லாமல் விசையை இழுத்தால் வில் உடையும். பரணில் ஏறும்போதே பாதுகாப்புப் பட்டியைக் கொளுவுங்கள். வேட்டையில் ஆட்கள் அதிகம் அடிபடுவது மரத்திலிருந்து விழுந்துதான். நண்பரின் காணியில் துவக்குப் பருவம் நடக்கும் நாட்களில், கையில் வில் இருந்தாலும் செம்மஞ்சள் மேலாடையும் தொப்பியும் கட்டாயம். குரொஸ்போவுக்குச் சட்டம் கேட்காவிட்டாலும் வீட்டில் பூட்டி வையுங்கள், அம்பின் அலகு முனைகளை வேறிடத்தில். ஓகஸ்ட் முழுக்கப் பழகுங்கள், பரண் உயரத்திலிருந்தும்.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று நினைக்கிறேன். இரவில் லைற் அடித்து மானை நிறுத்திச் சுடுவது பற்றி அவர் ஏதும் யோசனை சொன்னால் கேட்டுச் சிரித்துவிட்டு விடுங்கள். இங்கே சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைவுக்கு அரை மணி பின்புவரைதான் மான் வேட்டை, லைற் அடித்துப் பிடிபட்டால் ஆயுதத்தோடு வாகனமும் பறிபோகலாம்.