பழைய கேம்களும் ஓட வேண்டும்: கிராபிக்ஸ் கார்டு கேள்வி பதில்

கேள்வி: புது கேம்களோடு 2005 முதல் 2012 வரை வந்தவையும் விளையாடணும். எதைப் பார்த்து கார்டு எடுக்கலாம் அண்ணா?

பதில்: டிரைவரைப் பாருங்கள், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை. இன்றைய எந்தக் கார்டுக்கும் அந்தக் கால கேம் ஒரு சுமையே இல்லை. அந்தக் கால கேம்கள் கார்டோடு பேசப் பயன்படுத்திய டைரக்ட்எக்ஸ் 9 என்ற மைக்ரோசாஃப்ட் முறையை டிரைவர் எப்படிக் கையாள்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. என்விடியா, ஏஎம்டி இரண்டிலும் பெரிய தொல்லை வராது. இன்டெல் ஆர்க்கில் டைரக்ட்எக்ஸ் 9 நேரடியாகக் கிடையாது. டிரைவர் அதை வேறொரு ஏபிஐ-க்கு, அதாவது இன்னொரு கிராபிக்ஸ் முறைக்கு, மாற்றித்தான் ஓட்டுகிறது. முதலில் மோசமாக இருந்தது, 2023-ல் நன்றாகவே தேறிவிட்டது. ஆனால் மதர்போர்டில் ரீசைசபிள் பார் வசதி (கார்டின் மெமரி முழுவதையும் சிபியு ஒரே நேரத்தில் அணுக விடுவது) இல்லை என்றால் ஆர்க் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: என்விடியா ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் பிசிக்ஸ் (PhysX) எஃபெக்ட், அதாவது கண்ணாடி நொறுங்குவது போன்றவற்றைக் கார்டே கணக்கிடும் வசதி, வேலை செய்யாதாமே?

பதில்: பாதி உண்மை. 2025-ல் வந்த இந்த வரிசையில் 32-பிட் கேம்களுக்கான கூடாவை (CUDA, கார்டில் கணக்கு வேலைகளை ஓட்டும் என்விடியா தொழில்நுட்பம்) என்விடியா எடுத்துவிட்டது. அதனால் பழைய கேம்களின் பிசிக்ஸ் வேலை முழுவதும் சிபியு தலையில் விழுந்தது. மிரர்ஸ் எட்ஜில் கண்ணாடி நொறுங்கும் இடத்தில் ஃப்ரேம் ரேட் அப்படியே சரிந்தது. அந்த டிசம்பரில் வந்த 591.44 டிரைவர், மிரர்ஸ் எட்ஜ், பார்டர்லேண்ட்ஸ் 2, மாஃபியா 2, பேட்மேன் ஆர்காம் சிட்டி போன்ற சில கேம்களுக்கு மட்டும் அதைத் திருப்பிக் கொடுத்தது. பட்டியலில் இல்லாத கேம் என்றால் செட்டிங்ஸில் பிசிக்ஸை அணைத்துவிடுங்கள்.

இன்னொரு வழி, பிசிக்ஸுக்கென்றே இரண்டாவதாக ஒரு சின்ன என்விடியா கார்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஜிடிஎக்ஸ் 1050 போன்ற பாஸ்கல் தலைமுறை கார்டுகளுக்கு 580 வரிசை டிரைவரோடு ஆதரவு முடிந்துவிட்டது, இரண்டு கார்டுக்கும் ஒரே டிரைவர்தான் போட முடியும். எனவே ஜிடிஎக்ஸ் 1650 அல்லது அதற்குப் பிந்தையதாக, ஆனால் ஆர்டிஎக்ஸ் 50-க்கு முந்தையதாக எடுங்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் பிசிக்ஸ் பிராசஸராக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேள்வி: 8 ஜிபி கார்டு போட்டும் 'வீடியோ மெமரி போதாது' என்கிறது ஒரு பழைய கேம். கார்டு பழுதா சார்?

பதில்: பழுது இல்லை. பல பழைய கேம்கள் மெமரி அளவை 32-பிட் எண்ணில் வைத்துக்கொள்கின்றன. 2 ஜிபியைத் தாண்டினால் அது மைனஸ் எண்ணாகிவிடும், சரியாக 4 அல்லது 8 ஜிபி என்றால் பூஜ்யம். பழைய டைரக்ட்எக்ஸைப் புதியதாக மாற்றித் தரும் டிஜிவூடூ2 (dgVoodoo2) கருவியின் டிஎல்எல் ஃபைல்களை கேமின் இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில் போட்டு, அதில் வீடியோ மெமரியை 256 எம்பி என்று வையுங்கள். எக்ஸ்86 ஃபோல்டரில் உள்ளதையே எடுக்கணும். 32-பிட் கேம் 64-பிட் டிஎல்எல்லை ஏற்காது. டைரக்ட்எக்ஸ் 9 கேம் திக்கித் திக்கி ஓடினால் அதற்குப் பதில் டிஎக்ஸ்விகே-யை (DXVK, டைரக்ட்எக்ஸை வல்கன் என்ற கிராபிக்ஸ் முறைக்கு மாற்றும் கருவி) இதே முறையில் போட்டுப் பார்க்கலாம். வல்கன் 1.3 ஆதரவுள்ள கார்டு வேண்டும்.

கேள்வி: ஸ்கைரிமில் மேசை மேல் இருக்கும் பொருள் எல்லாம் தானாகத் தெறிக்குது. புது கார்டு போட்ட பிறகுதான்.

பதில்: 2011 பதிப்பில் இயற்பியல் கணக்கு ஃப்ரேம் ரேட்டோடு கட்டப்பட்டிருக்கிறது. 60-ஐத் தாண்டினால் குழம்பும். டிரைவரில் அந்த கேமுக்கு மட்டும் 60 என்று வரம்பு வையுங்கள். மற்ற பழைய கேம்களுக்கும் வரம்பு வைப்பது நல்லது. மெனு திரையில் ஆயிரக்கணக்கில் ஃப்ரேம் ஓடும்போது கார்டிலிருந்து வரும் கீச்சொலியும் அடங்கும்.

கேள்வி: சிஆர்டி மானிட்டர் (பழைய பெட்டி வகை) வைத்திருக்கிறேன். எந்தக் கார்டு வரை நேரடியாக இணைக்கலாம்?

பதில்: என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 900 வரிசை வரை. டிவிஐ போர்ட்டில் தட்டையான துளையைச் சுற்றி நான்கு சின்னத் துளைகள் இருந்தால் சிஆர்டி-க்குத் தேவையான அனலாக் சிக்னல் வரும். ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் டிவிஐ இருக்கும், அந்த நான்கு துளைகள் இருக்காது. சாதாரண விஜிஏ அடாப்டர் அதில் நுழையாது. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் வாங்குங்கள், அதன் பிக்சல் கிளாக் அளவை (விநாடிக்கு எத்தனை பிக்சல் அனுப்பும் என்பதை) பார்த்து. மலிவானவை 1920×1200, 60 ஹெர்ட்ஸ் அளவிலேயே நின்றுவிடும்.