பனங்காட்டில் கேட்கிற மழை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் இந்துஸ்தானிப் பாடகர் குமார் கந்தர்வாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இயற்கையிலிருந்து ராகம் எடுத்தவர் என்றீர்கள். தேடிப் பிடித்து மூன்று நாள் கேட்டேன். மழையும் கேட்கவில்லை, குயிலும் கேட்கவில்லை. எட்டயபுரத்தில் தீட்சிதர் அமிர்தவர்ஷிணி ராகம் பாட, மழை கொட்டியது என்ற கதையில் வளர்ந்தவன் நான். குமார் கந்தர்வாவிடம் இயற்கை எங்கே இருக்கிறது?

ச.ரா., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ச.ரா.,

நீங்கள் கேட்டது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. குயில் மாதிரி கூவிக் காட்டுகிற பாட்டென்றால் நானே எழுந்து போய்விடுவேன்.

அவர் 1924இல் பெல்காம் பக்கம் சுலேபாவியில் பிறந்தவர். பன்னிரண்டு வயதுக்குள் பம்பாய் மேடையில் பேர் வாங்கிவிட்டார். அப்புறம் காசநோய். 1948இல் மத்தியப் பிரதேசத்து மால்வாவின் வறண்ட காற்றை நம்பி அங்குள்ள தேவாஸுக்குப் போனார். ஒரு நுரையீரல் போயிற்று. பாடவே கூடாது என்றார்கள். ஐந்தாறு வருஷம் பாட்டில்லை, காது மட்டும் மிச்சம். அந்தக் காதில் விழுந்தவை மால்வா கிராமத்துப் பாட்டுகள், மூன்று நான்கு ஸ்வரத்துக்குள்ளேயே சுற்றுகிறவை. எழுந்து பாட வந்தபோது அவற்றுக்குள் கிடந்த ராகங்களை வெளியே எடுத்தார்: லகன் காந்தார், சஞ்சாரி, மாலவதி. ஆக, அவருக்கு இயற்கை நேராக மேகத்திலிருந்து வரவில்லை. வெயிலிலும் சேற்றிலும் நிற்கிறவர்களின் வாய்வழியாக வந்தது. நம் ஊர் நடவுப்பாட்டை யாராவது அப்படி ஐந்து வருஷம் படுத்துக்கிடந்து கேட்டிருந்தால் என்று ஏங்குகிறேன்.

மூச்சையும் கவனியுங்கள். நீளமாக இழுக்க மாட்டார். சின்னச் சின்னதாகச் சட்டென்று ஒரு பிடி, உடனே ஒரு நிறுத்தம். உங்கள் ஊரில் இருக்கிற உங்களுக்கு இது புரியாமல் போகாது. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்ததும் பனையோலை சலசலக்கிறது. மழையென்று துணியெடுக்க ஓடுகிறோம், வாசலில் ஒரு சொட்டு இல்லை. திரும்பி உள்ளே வருவதற்குள் ஓலை சட்டென்று அடங்குகிறது. அந்த அடங்கலில்தான் நிஜமான முதல் துளி புழுதியில் விழுகிற சத்தம் கேட்கும். குமார்ஜியின் நிறுத்தங்களில் எனக்குக் கேட்பது அதுதான். மியான் மல்ஹார் என்கிற மழை ராகத்தில் கோமள காந்தாரத்தை, அதாவது தாழ்ந்த ‘க’வை, அசைத்துவிட்டு அவர் நிற்கிற இடத்தில் காது வையுங்கள்.

அமிர்தவர்ஷிணி பாடினால் மழை வருமா என்பது நம்பிக்கை. அதை நான் தொடவில்லை. அந்த ராகம் எனக்கும் உயிர்.

மழைப்பாட்டுகளை மட்டும் கோத்து ‘கீத வர்ஷா’ என்றொரு நிகழ்ச்சி செய்திருக்கிறார். அதை ஹெட்போனில் கேட்காதீர்கள். சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைத்து, காற்றுச் சத்தமும் சேர்ந்து வரும்படி கேளுங்கள். கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.