பத்து ரூபாய் ரயிலும் ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆட்டோவும்

பள்ளிக்கூட லீவு விட்டால் போதும், எனக்கு வரும் கடிதங்களில் ஃப்ரிட்ஜ், மிக்ஸி புகார்கள் பின்னால் போய்விடும், சென்னை பார்க்க வந்து காசைவிட்டவர்கள் முன்னால் வந்துவிடுவார்கள். இந்த வாரம் முழுக்க அவர்களுக்குத்தான்.

கேள்வி: அண்ணாச்சி, கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து காலை ஐந்தரைக்குக் கிளாம்பாக்கத்தில் இறங்கினோம். நான், மனைவி, மாமியார், காலேஜ் படிக்கும் மகள். திருவல்லிக்கேணிக்கு ஆட்டோவில் 1,200 ரூபாய் வாங்கிவிட்டார். ஏமாந்துவிட்டோமா?

பதில்: ஆமாம். ஆனால் உங்களைத் திட்ட மனசு வரவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல், வயசானவரை ஒரு கையிலும் பையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நிற்கிறவரிடம் "விசாரித்திருக்கக் கூடாதா" என்று கேட்பது ரொம்ப சுலபம். கணக்கை மட்டும் சொல்கிறேன். அரசு 2013-ல் அறிவித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அப்படிப் பார்த்தால் உங்கள் முப்பது சொச்சம் கிலோமீட்டருக்கு 400 ரூபாய் பக்கம் வரும். அந்த விலைக்கு இன்று யாரும் வர மாட்டார்கள், பெட்ரோல் விற்கிற விலையில் அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஆனால் மூன்று மடங்கு கேட்டதற்குக் காரணம் உங்கள் முகத்தில் தெரிந்த தூக்கம்.

அடுத்த முறை நிலையத்துக்குள்ளேயே நிற்கும் மாநகரப் பேருந்தைப் பாருங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அதற்குச் சென்னைக்காரராக இருக்க வேண்டியதும் இல்லை. உங்கள் நாலு பேரில் மூன்று பேருக்குப் பயணம் இலவசம். இல்லையென்றால் வண்டலூரில் மின்சார ரயிலைப் பிடித்து பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறினால் திருவல்லிக்கேணியிலேயே ஸ்டேஷன். டிக்கெட் பத்து, பதினைந்து ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

கேள்வி: மெரினாவில் குதிரை சவாரிக்கு என்ன விலை?

பதில்: ஏறுவதற்கு முன்னால் கேட்டால் ஒரு விலை, இறங்கிய பிறகு கேட்டால் வேறு விலை.

கேள்வி: அடையாறு ஆலமரம் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பிரம்மஞான சபைக்குப் போனோம். கேட் பூட்டியிருந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஞாயிறுதானே வசதி?

பதில்: உங்களுக்கு வசதி, காவலாளிக்கு லீவு. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்கா, பக்கத்திலிருக்கும் பாம்புப் பண்ணை, வண்டலூர் உயிரியல் பூங்கா மூன்றுக்கும் செவ்வாய். மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். இதை வீட்டுக் காலண்டரில் எழுதி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ரொம்ப யோக்கியன் மாதிரி பேசுகிறேன், தங்கை பிள்ளைகளைச் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வண்டலூருக்கு அழைத்துப் போனவன்தான் நானும். போக வர வாடகைக் கார், வாசலில் ஐஸ்கிரீம், அவ்வளவுதான் அன்றைய சுற்றுலா. அப்புறம், அந்த ஆலமரத்தின் தாய் மரம் 1989-லேயே புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள்தான் இன்று தோப்பாக நிற்கின்றன. அடிமரத்தைத் தேடிக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: "ஒரே நாளில் பன்னிரண்டு இடங்கள்" என்று ஒரு வேன்காரர் தலைக்கு 1,500 வீதம் நாலு பேருக்கு 6,000 வாங்கினார். ஐந்து இடம்தான் காட்டினார். அருங்காட்சியகத்தில் இருபது நிமிடம், ஒரு புடவைக் கடையில் ஒன்றரை மணி நேரம். ரசீது தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: ரசீது இல்லை, இடங்களின் பட்டியல் எழுத்தில் இல்லை, பணமும் கையில் கொடுத்திருக்கிறீர்கள். எதைக் காட்டி நான் கேட்பது? மாதத்துக்கு நாலு கடிதம் இப்படியே வருகிறது, படித்தவர்கள்தான் எழுதுகிறார்கள். ஆறாயிரம் ரூபாய்க்கு ஃபோன் வாங்கினால் பெட்டியைக்கூட பத்து வருஷம் பத்திரமாக வைக்கிறோம், ஆறாயிரம் ரூபாய் வேனுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்க மாட்டோமா? வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய விளம்பரம், பேசிய செய்தி ஏதாவது இருந்தால் அழிக்காதீர்கள். 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.

புடவைக் கடையில் ஒன்றரை மணி நேரம் ஏன் என்று கேட்கவே வேண்டாம், நீங்கள் வாங்கும் புடவையில் வேனுக்கும் ஒரு பங்கு உண்டு. அதே நாளை நீங்களே ஓட்டியிருந்தால்? எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து அருங்காட்சியகத்துக்கு நடந்தே போகலாம். 1851-ல் ஆரம்பித்த இடம், நுழைவுச் சீட்டு ஒரு தட்டு பஜ்ஜியின் விலைக்கு மேல் இருக்காது, வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் மட்டுமே நீங்கள் அந்த இருபது நிமிடம் நின்றிருப்பீர்கள். சாயங்காலம் பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கி கபாலீசுவரர் கோயில், மாட வீதியில் ஒரு காபி, திரும்ப இரண்டே ஸ்டேஷன் போனால் கலங்கரை விளக்கம், கடற்கரை. நாலு பேருக்குச் சாப்பாடும் சேர்த்து ஆயிரம் ரூபாய் தாண்டினால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: மாமல்லபுரத்தில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 30 கேட்டார்கள். பத்து ரூபாய்க்குச் சண்டை போடுவதா என்று கொடுத்துவிட்டேன்.

பதில்: இந்தப் பத்து ரூபாய்தான் என் பழைய புண், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் அச்சிட்ட விலை அதிகபட்ச விலை. வரி எல்லாம் அதற்குள் அடக்கம், கடைக்காரர் லாபமும் அடக்கம். அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் 2011-ம் வருஷப் பொட்டலப் பொருள் விதிகளின்படி தப்பு. "கூலிங் சார்ஜ் சார்" என்பார்கள். ஃப்ரிட்ஜில் வைத்தது அவர் வியாபாரத்துக்காக, நாம் அதற்குக் கரண்ட் பில் கட்ட வந்தவர்கள் இல்லை. "இங்கே வரைக்கும் தூக்கிக்கிட்டு வரணும்ல" என்பார்கள், வேன் போகிற ரோட்டில் உட்கார்ந்துகொண்டு. ஒரு விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: ஓட்டலில் மேசை போட்டுப் பரிமாறுகிறவர்கள் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. அது பெட்டிக்கடைக்கு இல்லை. கடை வாசலில் நின்று குடிக்கிற உங்களுக்கு யாரும் மேசை போடவில்லை. பில் கேளுங்கள், தர மறுத்தால் பாட்டிலையும் கடைப் பெயரையும் படம் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் இதைப் பார்க்க வேண்டியது தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு, அங்கேயும் எழுதலாம். பத்து ரூபாய் உங்களுக்குச் சின்னது, ஒரு நாளைக்கு இருநூறு பாட்டில் விற்கிறவருக்கு அது இரண்டாயிரம் ரூபாய்.

கேள்வி: அதே ஊரில் 800 ரூபாய்க்குக் கருங்கல் பிள்ளையார் கிடைக்குமா?

பதில்: எனக்குக் கிடைத்தார். வீட்டுக்கு வந்து தண்ணீரில் கழுவினேன், கறுப்பு வழிந்து வெள்ளைப் பிள்ளையார் ஆகிவிட்டார். கல் பொடியை அச்சில் ஊற்றிச் சாயம் பூசியது. உளிச் சத்தம் கேட்கிற பட்டறையில், செதுக்குகிறவரிடமே வாங்குங்கள். பேரம் பேசத் தெரியாதென்றால் அரசின் பூம்புகார் கடை இருக்கிறது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். கூகுளில் தேடி எடுத்த எண்ணில் பேசி, கடற்கரைப் பக்கம் அறைக்கு 7,000 ரூபாய் அனுப்பினேன். விடுதிக்குப் போனால் அப்படி முன்பதிவே இல்லை என்கிறார்கள். பேரன் பேத்தி முன்னால் அவமானமாகப் போய்விட்டது.

பதில்: அம்மா, அவமானம் உங்களுக்கு இல்லை. அந்தப் போலிப் பக்கத்தை நானே பார்த்திருந்தாலும் நம்பியிருப்பேன். இதைப் படித்ததும் முதல் வேலையாக 1930-ஐக் கூப்பிடுங்கள், அது சைபர் மோசடிக்கான எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. பணம் அனுப்பிய விவரத்தைப் படம் எடுத்து வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். "பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று இனிமேல் யாராவது ஃபோன் செய்தால் அவனும் திருடன்தான்.

கேள்வி: டிசம்பரில் வருகிறோம். கச்சேரி கேட்க ஆசை, டிக்கெட் விலை பயமுறுத்துகிறது.

பதில்: சாயங்காலக் கச்சேரிக்குத்தான் அந்த விலை. பல சபாக்களில் மத்தியானம் இளம் பாடகர்கள் பாடுவதைச் சும்மாவே போய்க் கேட்கலாம், முன் வரிசையில் இடமும் கிடைக்கும். கேன்டீனுக்கு மட்டும் தனியாகக் காசு எடுத்து வையுங்கள், போன வருஷம் எனக்கு அங்கேதான் பர்ஸ் காலியானது.